வானொலி அறிவிப்பும் இசைத் திறனாய்வும்

மலேசியத் தமிழரின் இசைச் சுவையை உருவாக்கியதில் பொது வானொலிக்கு உள்ள பங்கினை ஆராய்வோர் ஒலித்த பாடல்களையே கருத்திற் கொள்கின்றனர். பாடலுக்கு முன் சொல்லப்பட்ட அறிவிப்பைப் பெரிதாக எண்ணுவதில்லை. படத்தின் பெயர், பாடலை இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என முறையாக உரைத்த பின்னரே பாடலை ஒலிக்கச் செய்தல் பழைய அறிவிப்பாளர்கள் போற்றிய மரபாகும். பாட்டுக்கும் ஆசிரியர் உண்டு என்னும் உணர்வைப் பாடநூலைக் காட்டிலும் இவ்வறிவிப்பே நம்மிடையே மிகுதியாகப் பரப்பியது எனலாம்.

திரைப்பாடலுக்கே வானொலியில் பெரும்பொழுது கழிகின்றது என்னும் குறை நம் ஆசிரியரிடையே நெடுநாளாக உள்ளது. இது எனக்கு உடன்பாடன்று. இந்தியாவில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரையிசையைப் பெரிதும் ஒடுக்கினார். நேயர்கள் செவ்விசையை நாடினார்களா என்றால் இல்லை. இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. சுவையை ஆணையால் மாற்ற இயலாது. ஆதலின் முன்னர் வானொலி 6 எனப்பட்ட மின்னல் பண்பலை திரைப்பாடலை விலக்காதிருத்தல் முறையேயாகும்.

நம் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. 2006இல் வெளிவந்த ‘வல்லவன்’ இசைத்தொகுப்பில் யோகி பி, நட்சத்திரா குழுவினர் ‘மடை திறந்து’ பாடலைச் சொல்லிசையாக மாற்றியமைத்தனர். மலேசியக் குரல் தமிழகத்திலும் ஒலித்தது பெருமைக்குரியது. எனினும் மூலப்பாடல் 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்துக்குரியது என்பதையும், இளையராஜா, வாலி, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் ஆகியோரின் பெயர்களையும் சொல்லவல்ல நேயர் பலர், புதிய வரிகளை எழுதிய நம் இளைஞரைக் குழுப்பெயரால் மட்டுமே அறிவர். சென்னைப் படைப்புக்குத் தனிப்பெயர், உள்ளூர்ப் படைப்புக்குக் கூட்டுப்பெயர்! இவ்வேறுபாடு திறனாய்வாளர் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

உறுமி மேளத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பத்துமலைத் தைப்பூசத்திலும் கிள்ளான் கோயில் ஊர்வலங்களிலும் பெருங்கூட்டத்தை ஆடச் செய்யும் அப்பாடல்களைக் கட்டியவர் யார், மெட்டு எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களை நம் துறையினர் போதிய அளவு எழுப்பவில்லை. ‘இரைச்சல்’ என்று ஒதுக்குவது எளிது. கவிதைக்கு முரசு நெடுமாறன் தொகுத்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1997இலேயே கிடைத்துவிட்டது. அச்சேறாத உள்ளூர்ப் பாட்டுக்கோ வானொலி அறிவிப்பே பெரும்பாலும் பதிவாக அமைகின்றது. விரைவை நாடும் இன்றைய ஒலிபரப்புச் சூழலில் அவ்வறிவிப்புச் சுருங்குமாயின் அப்பதிவும் உடன் மறையும்.

மாணவர் ஆய்வேடுகளுக்குத் தலைப்புத் தேடி அலையும் நாம் இவ்விசைஞரிடம் சென்று பெயர், ஆண்டு, மெட்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதத் தொடங்கலாம். பிரிக்பீல்ட்சை அடுத்த சென்ட்ரல் நிலையம், ஒலிபரப்புக் கழகம் உள்ள அங்காசாபுரி, கிள்ளான் ஆகிய மூன்றும் ஒரே இரயில் தடத்தில் உள்ளமையால் களப்பணிக்குப் பெருஞ்செலவும் இல்லை.