பின்வரிசைப் பானை

ஃப்யூஷன் என்றாலே முகம் சுளிக்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்யாண ரிசப்ஷனில் ஒரு கீபோர்டும் ஒரு ட்ரம் பேடும் சேர்ந்து தியாகராஜர் கீர்த்தனையைப் போட்டு அடிப்பதைக் கேட்டுவிட்டு, அதற்குப் பேர்தான் ஃப்யூஷன் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். நானும் அந்த மாதிரி ரிசப்ஷன்களில் ஐஸ்கிரீமோடு சேர்த்து அதை விழுங்கியிருக்கிறேன். ஆனாலும் அவர்களிடம் ஓர் ஆல்பத்தை மட்டும் விடாமல் திணித்துக்கொண்டிருக்கிறேன். ‘ரிமெம்பர் சக்தி’ குழுவின் ‘தி பிலீவர்’. 1999 சுற்றுப்பயணத்தின் மேடைகளில் பதிவானது, 2000-இல் வெர்வ் நிறுவனம் வெளியிட்டது. ஆறே உருப்படிகள், மொத்தம் ஒண்ணேகால் மணி நேரம். கிடார் ஜான் மெக்லாஃப்ளின், மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், தபேலா ஜாகிர் உசேன், கஞ்சிராவும் கடமும் வி. செல்வகணேஷ். நாலே பேர்.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது ‘கிழக்கும் மேற்கும் சந்தித்தன’ என்பது. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. கிழக்கும் மேற்கும் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் தினமும்தான் சந்திக்கின்றன, கண்டெய்னர் லாரி வரிசையில் நிற்கின்றன. எனக்குச் சுவாரசியமான விஷயம் வேறு. ஒரு மேடையில் யார் எங்கே உட்காரலாம், யாருக்கு எத்தனை நிமிடம் என்பதை இந்த இசை எப்படி மாற்றியது என்பதுதான்.

*

கச்சேரி மேடையின் இலக்கணத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளலாம். நடுவில் பாடகர். ஒரு பக்கம் வயலின், எதிர்ப்பக்கம் மிருதங்கம். இவை பக்கவாத்தியங்கள். கடம், கஞ்சிரா, மோர்சிங் எல்லாம் அதற்கும் அடுத்த வரிசை, ‘உபபக்கவாத்தியம்’. பேரிலேயே படிநிலை இருக்கிறது. மிருதங்கம் இல்லாமல் கடம் மட்டும் வைத்து ஒரு முழுக் கச்சேரி நடப்பது அபூர்வம். கடக்காரருக்கென்று கிடைக்கிற நேரம் தனி ஆவர்த்தனத்தில் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில்தான் சபா கேண்டீனில் கூட்டம் சேரும்.

விக்கு விநாயக்ராம் இந்த இலக்கணத்துக்குள் வளர்ந்தவர். 1942-இல் பிறந்தவர். அப்பா ஹரிஹர சர்மா சென்னையில் தாளவாத்தியப் பள்ளி நடத்தியவர். 1966-இல் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தது விநாயக்ராம்தான். உலகமே பார்த்த மேடை. ஆனால் அங்கேயும் கடம் இருந்த இடம் அதன் வழக்கமான இடம்.

ஒன்பது வருடம் கழித்து, 1975 ஜூலை 5 அன்று, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் ‘சக்தி’யின் முதல் ஆல்பம் பதிவாகிறது. அதுவும் மேடைப் பதிவுதான். மெக்லாஃப்ளின் அதற்குமுன் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற, காதைக் கிழிக்கும் மின்சாரக் குழுவை நடத்தியவர். இங்கே அவர் தரையில் சம்மணம் போட்டு அகூஸ்டிக் கிடார் வாசிக்கிறார். எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். பேஸ் கிடார் கிடையாது, ட்ரம்ஸ் கிடையாது.

இதற்கடுத்து நடந்ததுதான் முக்கியம். 1976-இல் பதிவான இரண்டாவது ஆல்பம் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யில் மிருதங்கத்துக்கென்று தனி ஆள் இல்லை. கடம் இருக்கிறது. கச்சேரி இலக்கணப்படி இது ஏறக்குறைய நடக்க முடியாத காரியம், முதலாளி இல்லாமல் உதவியாளர் மட்டும் வந்து நிற்பது மாதிரி. ஆனால் இங்கே கடம் யாருக்கும் உதவியாளர் இல்லை. தபேலா ஒரு கேள்வி போட்டால் பானை பதில் சொல்கிறது, சில சமயம் பானையே கேள்வியைப் போடுகிறது. சபாவில் மூன்று நிமிடம் கிடைத்த அதே கைகளுக்கு இங்கே பாட்டின் பாதி கிடைக்கிறது. அந்த மண்பானையின் சத்தம் 1966-க்கும் 1975-க்கும் நடுவில் மாறிவிடவில்லை. வரிசை மாறியது, அவ்வளவுதான்.

*

‘தி பிலீவர்’ அடுத்த தலைமுறை. விநாயக்ராமின் இடத்தில் மகன் செல்வகணேஷ். அவருடைய முதன்மை வாத்தியம் கஞ்சிரா. ஒரு கையகலத் தோல், ஒரு மரவளையம், ஒரு ஜோடிச் சலங்கை. முன்பெல்லாம் உடும்புத்தோல் கட்டுவார்கள். தண்ணீர் தடவித் தோலைத் தளர்த்தி, பிடித்திருக்கும் கையின் விரலால் அழுத்தி, அந்தச் சின்ன வட்டத்திலிருந்து பெரிய உருமல் ஒன்றை வரவைப்பார்கள். இதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அரண்மனையில் விளக்கு ஏந்தும் வேலையில் இருந்தவர் என்று சொல்வார்கள். ஆக, கஞ்சிரா மேடை ஏறி நூற்றிச் சொச்சம் வருடம்தான் ஆகிறது.

கானா பாட்டுக்குச் சட்டி அடிக்கிற பள்ளித் தோழன் ஒருவனுக்கு இந்த ஆல்பத்தின் கஞ்சிராப் பகுதியைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, வீடியோ இருக்கா என்றான். காட்டினேன். “இன்னா மச்சான், நம்ம டேப்பை இத்தினூண்டு பண்ணி வெச்சிக்கினு இம்மாம் சவுண்டு வுடறாரு!” என்றான். எந்த விமர்சகனும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. தோலை வளையத்தில் இழுத்துக் கட்டினால் பறை, டேப்பு, கஞ்சிரா. குடும்பம் ஒன்றுதான். எது எந்த மேடையில் ஏறலாம் என்பதைத் தோல் முடிவு செய்வதில்லை.

இங்கே கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது புரிந்தால் ஆல்பம் வேறு மாதிரி கேட்கும். ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 8 அட்சரம். ஒவ்வொன்றிலும் நாலு நாலாக எண்ணினால் 32. இப்போது 10 எண்ணிக்கை உள்ள ஒரு சொற்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாசித்து, ஒரு எண்ணிக்கை சும்மா விட்டு, மறுபடி வாசித்து, ஒன்று விட்டு, மூன்றாம் முறை வாசித்தால் 10, 1, 10, 1, 10. மொத்தம் 32. அடுத்த அடி நேராகச் சமத்தில் போய் விழும். நடுவில் கேட்கிறவருக்குத் தாளம் நழுவிப் போன மாதிரி இருக்கும். கடைசி அடியில் ‘அட!’ என்று வந்து சேரும். கர்னாடகத்தில் முத்தாய்ப்பு, மோரா என்றும் இந்துஸ்தானியில் திஹாய் என்றும் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். ஜாகிர் உசேனும் செல்வகணேஷும் வேறு வேறு பள்ளிகளில் படித்த ஒரே பாடம் இது. அதனால்தான் அவர்களால் ஒத்திகை பார்த்த வாக்கியங்களுக்கு வெளியே போய்ச் சண்டை போட முடிகிறது.

என் தொழிலில் பல மெஷின்கள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது யாருடைய கடிகாரம் சரி என்பது ஒரு தீராத தலைவலி. எல்லோரும் ஒருத்தரைத் தலைமைக் கடிகாரமாக ஏற்றுக்கொண்டால் எளிது. கச்சேரியில் பாடகரின் தொடையில் விழும் கைதான் அந்தக் கடிகாரம். ‘தி பிலீவர்’ நால்வரில் அப்படி ஒரு கை இல்லை. எல்லோரும் உள்ளுக்குள் எண்ணுகிறார்கள், ஒருவர் மற்றவரை நம்புகிறார்கள். ஆல்பத்தின் பேருக்கு நான் எடுத்துக்கொள்கிற அர்த்தம் அதுதான்.

*

நான் திருவொற்றியூர்க்காரன். கர்னாடக இசை என்றால் மயிலாப்பூர், மார்கழி, பட்டுப்புடவை என்றே எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள சமாச்சாரம். ஆனால் தியாகராஜர் திருவொற்றியூர் வடிவுடையம்மன்மேல் ஐந்து கீர்த்தனைகள் செய்திருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பையர் இந்தப் பக்கத்து ஆள்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. திருவொற்றியூருக்கு மேற்கே மணலி. இன்று அந்தப் பேரைச் சொன்னால் சுத்திகரிப்பு ஆலையின் தீ எரியும் புகைபோக்கிதான் ஞாபகம் வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மணலி முதலியார்கள் ராமசாமி தீட்சிதரின் குடும்பத்தை அங்கே வைத்து ஆதரித்தார்கள். அந்த வீட்டுப் பையன்தான் முத்துசாமி தீட்சிதர். கோட்டையில் ஆங்கிலேயர்களின் பேண்டு வாசிப்பதைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று சொல்வார்கள். இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டுகூட அதில் உண்டு. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். கர்னாடக இசைக்குள் வயலின் வந்த கதையைச் சொல்கிறவர்கள் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவின் பேரோடு சேர்த்துச் சொல்கிற பேர் இவருடையது.

ஆக, ஃப்யூஷன் என்ற வார்த்தை வருவதற்கு 170 வருடம் முன்னாலேயே மணலியில் அது நடந்திருக்கிறது. இப்போது அதை யாரும் ஃப்யூஷன் என்று சொல்வதில்லை. வயலின் தோளிலிருந்து இறங்கி, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. நம் மேடையின் வரிசைக்குள் அடங்கிவிட்டால் அந்நியம் என்கிற பேச்சே மறைந்துவிடுகிறது. 1975-இல் லாங் ஐலண்டில் எல். சங்கர் வாசித்தது அப்படிச் சம்மணம் போட்ட வயலினைத்தான். கப்பலில் வந்தது, ஆளே மாறித் திரும்பப் போயிருக்கிறது.

*

இதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ‘லோட்டஸ் ஃபீட்’ என்ற மெக்லாஃப்ளினின் மெட்டை 1975 பதிவில் கேளுங்கள். வயலின் இழுக்கிறது, ஸ்வரம் வில் போகும் தூரம்வரை உயிரோடு இருக்கிறது. பிறகு 1997-இல் பதிவான ‘ரிமெம்பர் சக்தி’ ஆல்பத்தில் கேளுங்கள். ஹரிபிரசாத் சௌராசியாவின் மூச்சில் வருகிறது. அப்புறம் ‘தி பிலீவர்’. மாண்டலினில் அதே மெட்டு. தட்டிய கணத்திலிருந்து சாகத் தொடங்குவது மாண்டலின் ஸ்வரத்தின் இயல்பு. மேற்கத்திய மாண்டலினில் எட்டுக் கம்பிகள், ஜோடி ஜோடியாக. கமகத்துக்காக இழுத்தால் ஜோடியில் ஒன்று சுருதி பிசகும். ஸ்ரீநிவாஸ் அதை ஐந்து ஒற்றைக் கம்பிகளாக்கி மின்சாரம் கொடுத்தார். மெக்லாஃப்ளினும் எழுபதுகளில் இதே பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டினார். கிடாரின் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, அடியில் ஏழு அதிர்வுக் கம்பிகள் வைத்து ஒரு கிடாரைச் செய்வித்துக்கொண்டார். இரண்டு பேரும் வேறு வேறு திசையிலிருந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். ‘தி பிலீவர்’ பதிவில் அந்த மெட்டை மாண்டலின் தொடும் இடத்தில் அவசரமே இல்லை. ஒன்பது வயதில் மேடை ஏறியவர், 14 வயதில் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தவர், எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற நிதானத்தில் வாசிக்கிறார். 2014 செப்டம்பரில், 45 வயதில், ஸ்ரீநிவாஸ் போய்விட்டார். 2024 டிசம்பரில் ஜாகிர் உசேனும். இந்த நால்வர் இனி ஒரே மேடையில் இல்லை. கைவசம் இருப்பது இந்தப் பதிவுகள்தான்.

*

குறைகளும் உண்டு. முதலாவது, கைதட்டல். சபாவில் முன்வரிசை மாமா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார், நழுவல் அவருக்குப் போகிற வழியிலேயே தெரியும். வெளிநாட்டு அரங்கில் பெரும்பாலோருக்குத் தெரிவது கடைசியில் வந்து விழும் அடி மட்டும். அதனால் குழு அந்த அடிகளைப் பெருக்கிக்கொண்டே போகிறது. சில இடங்களில் இசை விளையாட்டுப் போட்டி மாதிரி ஆகிவிடுகிறது, யார் வேகம் என்று. இரண்டாவது, நால்வருமே ஒருவரை ஒருவர் அளவுக்கு மீறி மதிக்கிறார்கள். யாராவது ஒருவர் குறுக்கே புகுந்து கெடுக்கமாட்டாரா என்று ஏங்க வைக்கும் நிமிடங்கள் உண்டு.

மூன்றாவது குறை ஆல்பத்தின் குறை அல்ல, நம்முடையது. பின்வரிசைப் பானை முன்வரிசைக்கு வர லாங் ஐலண்ட்வரை போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது விருதுகள் வந்தன. விநாயக்ராமுக்கு 2014-இல் பத்ம பூஷண் வந்தது. செல்வகணேஷ் 2024-இல் சக்தி குழுவோடு கிராமி வாங்கினார். சந்தோஷம். ஆனால் மயிலாப்பூரில் தனி ஆவர்த்தனத்தின்போது கேண்டீன் வரிசை குறைந்துவிட்டதா? ராயபுரத்தில் சாவு வீட்டுக்கு வெளியே இரவு முழுக்கச் சட்டியும் டேப்பும் அடிக்கிறவனும் முத்தாய்ப்பு வைக்கிறான். மூன்று முறை சொல்லி, சரியாக வந்து விழுகிறான். அவனுடைய கணக்கை யாரும் கணக்கு என்று சொல்வதில்லை.

2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறையாக மேடை ஏறியது. கானா பாடகர்களும் கிடாரும் ட்ரம்ஸும் சட்டியும் ஒரே வரிசையில். அதைப் பலர் அரசியல் நிகழ்வாகப் பேசினார்கள், சரிதான். ஆனால் இசையாக யோசித்தால் அது 1975-இல் சக்தி செய்த அதே காரியம். பின்னால் வைக்கப்பட்டிருந்த தாளத்தை முன்னால் கொண்டுவந்து, கிடாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இதற்காக யாரும் அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

அதனால் ‘தி பிலீவர்’ கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கிடார் எங்கே, மாண்டலின் எங்கே என்று தேடாதீர்கள், அவை தானாகவே வரும். முதல் தடவை செல்வகணேஷை மட்டும் பின்தொடருங்கள். ஒண்ணேகால் மணி நேரமும் அந்தச் சின்னத் தோல்வட்டம் என்ன பேசுகிறது என்று கவனியுங்கள். அடுத்த தடவை தெருவில் மேளம் போகும்போது ஜன்னலைச் சாத்தாமல், எத்தனையில் எண்ணுகிறார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கணக்கு சரியாகவே இருக்கும்.