முகாமுக்கு வரும் மாணவிகள்

திண்டுக்கல்லை ஒட்டிய தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் இலங்கைத் தமிழ் ஏதிலியருக்கென 321 வீடுகள் திறக்கப்பட்டன. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் ஒண்டிக்கிடந்த குடும்பங்களுக்காகக் கட்டியவை அவை. பெண்களின் உடல்நலத்துக்கு ஒரு நல்ல வீடு செய்யும் உதவியை எந்த விழிப்புணர்வுக் கூட்டமும் செய்துவிட முடியாது. வீட்டோடு கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர்களிடம் போய் 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று சொல்லி என்ன பயன்? சமூகப்பணி, செவிலியர் படிப்பு மாணவிகளைப் பெண்கள் நலப் பயிற்சிக்காக முகாம்களுக்கு அனுப்பும் வழக்கத்தை எடைபோட, இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்காக அந்தப் பயிற்சியே வீண் என்று சொல்ல மாட்டேன். சுவரோடு சுவர் ஒட்டிய முகாம் வாழ்க்கையில் வெள்ளைப்படுதல், கருச்சிதைவு, கணவனின் குடி, அடி எதையும் பக்கத்து வீட்டில் சொல்ல முடியாது. பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். வெளியிலிருந்து வரும் இளம்பெண்ணிடம் அந்த அச்சம் குறைகிறது. ஒருத்தியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய், வரிசையில் உடன் நின்று, மருத்துவர் சொன்னதைப் பொறுமையாக விளக்கும் மாணவி பத்துச் சொற்பொழிவுகளுக்கு மேலான வேலையைச் செய்கிறாள்.

கோளாறு ஏற்பாட்டில் இருக்கிறது. கல்லூரி நேரத்தில் மாணவி வருகிறாள். கூலி வேலைக்கும் மில்லுக்கும் போன பெண்கள் அப்போது முகாமில் இல்லை. கூட்டத்துக்கு வருபவர்கள் பாட்டிமாரும் கைக்குழந்தைக்காரிகளும்தான். பேச்சோ முருங்கைக்கீரை, நாப்கின், கைகழுவுதல். இரத்தசோகை பெரிய சிக்கல்தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. ஆனால் 1990இல் இளம்பெண்ணாகப் படகேறி வந்தவளுக்கு இன்று ஐம்பது வயது தாண்டிவிட்டது. மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளும், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும், தூக்கமில்லா இரவுகளும் அவளுடைய கவலைகள்.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் புது அணி வருகிறது. எப்போது வந்தீர்கள், யாரை இழந்தீர்கள் என்று முதலிலிருந்து கேட்கிறது. துயரத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைப்பது நலப்பணி ஆகாது. எழுதிய அறிக்கை மதிப்பெண்ணுக்காகக் கல்லூரிக்குப் போய்விடுகிறது. மார்ச்சில் இரத்த அழுத்தம் கண்டறியப்பட்டவள் ஜூனில் மாத்திரையை நிறுத்திவிட்டால், கேட்க ஆளில்லை.

மாற்றுவழிக்கான முன்மாதிரி பக்கத்திலேயே உண்டு. டாக்டர் சௌந்தரம் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தின் சுகாதார முயற்சி, ஆத்தூர் வட்டாரத்தில் ஊராரையே குடும்பநலம் பேச வைத்தது. சந்திரகாசன் 1984இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பெண்களையே நலத் தொண்டர்களாகப் பயிற்றுவித்தது. ஆகவே முகாமின் தொண்டர் முன்னே நடக்கட்டும். மாணவி அவருக்குத் துணையாகட்டும். யாருக்கு என்ன நோய், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்ற குறிப்பேடு, அந்தப் பெண்களின் ஒப்புதலோடு, தொண்டரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் இருக்கட்டும். கூட்டங்களை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வைக்கலாம். எத்தனை கூட்டம் நடத்தினாள் என்பதற்குப் பதில், எத்தனை பேரின் சிகிச்சையை விட்டுப்போகாமல் ஒப்படைத்தாள் என்று பார்த்து மதிப்பெண் தரலாம். தொண்டருக்கு மாதந்தோறும் ஊதியம் வேண்டும். அதைக் கல்லூரிகள்தான் தர வேண்டும். தங்கள் மாணவிகளுக்கு அங்கே பாடம் சொல்லிக்கொடுப்பவர் அவர்தானே.