கண்டதும் அளந்ததும்

நீரில் வாழும் பாசிகளையும் பாக்டீரியாக்களையும் தாக்கும் வைரஸ்களைப் பற்றி இந்தியாவில் நடந்த ஆய்வுகளை ஒரே அளவுகோலால் மதிப்பிட முடியுமா? நோக்கங்கள் வேறு, காலங்கள் வேறு, கருவிகளும் வேறு. ஆனாலும் அளவுகோல் ஒன்று இல்லாமல் மதிப்பீடு இல்லை. எந்த வைரஸ் எதைத் தாக்குகிறது என்று காட்டுவது முதற்படி. அந்தத் தாக்குதலில் எத்தனை பங்கு உயிர்கள் மடிகின்றன என்று அளப்பது அடுத்த படி. அந்த மடிவு நீரின் தன்மையை எப்படி மாற்றுகிறது என்று நிறுவுவது கடைசிப்படி. ஓர் ஆய்வு எந்தப் படியில் நிற்கிறது, நிற்கும் இடத்தை நேர்மையாகச் சொல்கிறதா என்ற இரண்டையும் வைத்தே இங்கே எடைபோடுகிறேன்.

கரையான்சாவடியில் உட்கார்ந்து எழுதுபவனுக்கு இது ஏட்டுச் சங்கதி இல்லை. பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் ஏரி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அங்கே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் 2007 முதல் இயங்குகிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கி வெயில் ஏறும்போது ஏரியில் எவை பெருகுகின்றன, அவற்றை எவை கொல்கின்றன என்பது குழாயைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி.

இந்திய வரலாற்றை 1896இல் தொடங்குவது வழக்கம். ஆக்ராவில் அரசு வேதியியல் பரிசோதகராக இருந்த எர்னஸ்ட் ஹான்பரி ஹாங்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் விரைந்து மடிவதைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவன இதழில் எழுதினார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸாகிய ஃபேஜை 1915இல் ட்வார்ட்டும் 1917இல் தெரெல்லும் அறிவித்த பிறகு, ஹாங்கின் கண்டதும் அதுவே என்று பின்தேதியிட்டுப் பட்டம் சூட்டிவிட்டார்கள். அவருடைய கட்டுரையையே சான்றாக வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டம் நிலைக்காது. திறந்த பாத்திரத்தில் கொதித்த நீர் கொல்லும் ஆற்றலை இழந்தது. காற்றுப் புகாமல் அடைத்த குழாயில் சூடேறிய நீர் அதை இழக்கவில்லை. ஃபேஜ் காரணமாக இருந்திருந்தால் அடைத்த குழாயிலும் அது வெப்பத்துக்குத் தப்பியிருக்காது. ஆவியாகிப் போகும் ஏதோ ஒரு பொருள்தான் காரணம் என்று ஹாங்கின் கருதியது அவர் கையிலிருந்த சான்றுக்குப் பொருந்திய முடிவு. ஸ்டீஃபன் அபெடனும் அவருடைய சகாக்களும் 2011இல் மூலக்கட்டுரையைத் திரும்ப வாசித்து இதை எடுத்துக்காட்டினார்கள். ஆய்வாளர் தன் சான்றை மீறவில்லை. அவரை மேற்கோள் காட்டியவர்களே மீறினார்கள். நூறாண்டு கடந்தும் அந்த மேற்கோள் தொடர்வதைத்தான் இத்துறையின் முதல் பழுதாகக் குறிக்க வேண்டும்.

உறுதியான தொடக்கம் 1967இல், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு அமெரிக்காவில் சாஃபர்மனும் மோரிஸும் கழிவுநீர்க் குட்டையொன்றிலிருந்து நீலப்பச்சைப் பாசியைத் தாக்கும் முதல் வைரஸைப் பிரித்திருந்தார்கள். ஆர்.என். சிங்கும் பி.கே. சிங்கும் இந்திய நீரிலிருந்து அத்தகைய வைரஸ்களைப் பிரித்து நேச்சர் இதழில் அறிவித்தார்கள். இத்தகைய பணியின் முறை எளியது, கண்டிப்பானது. அகர் தட்டில் பாசி பச்சைப் படலமாகப் படர்ந்திருக்கும். பாக்டீரியாவும் புகாத வடிகட்டியில் இறக்கிய குளத்து நீரை அதில் சேர்த்தால், வைரஸ் விழுந்த இடத்தில் படலம் கரைந்து தெளிந்த வட்டம் தோன்றும். ஒரு வட்டம் ஒரு வைரஸின் சந்ததி. ஆகவே எதைத் தாக்குகிறது என்பதில் ஐயமே எழாது, எண்ணிக்கையும் கைக்கு வந்துவிடும். முதற்படிக்கு இதைவிட நேரான சான்று இன்றும் இல்லை. குறையும் அதே தட்டில்தான் இருக்கிறது: ஆய்வகத்தில் வளர ஒத்துக்கொள்ளும் பாசிக்கு மட்டுமே இந்தச் சோதனை பேசும். குளத்தில் பெருகும் பாசிகளில் பெரும்பகுதி அப்படி ஒத்துக்கொள்வதில்லை.

இந்தப் பணியில் நான் மிகவும் மதிப்பது அதன் உள்நேர்மை. நெல்வயலில் நீலப்பச்சைப் பாசி நைட்ரஜனை நிலைநிறுத்தி உரமாகும் என்று நாடறிய வாதிட்டவர் ஆர்.என். சிங். அதைப் பற்றிய அவருடைய நூல் 1961இல் வெளிவந்தது. தான் உரமாக முன்வைத்த உயிருக்கு இயற்கையிலேயே ஓர் எதிரி உண்டா என்று தேடும் துணிவு அதே மனிதரிடம் இருந்தது. பி.கே. சிங் 1973இல் குளம், சாக்கடை, நெல்வயல் மூன்றிலும் இவ்வைரஸ்களின் பரவலைப் பதிவுசெய்தார். அங்கே நிறுத்தம் விழுந்தது. எந்தெந்த இடத்தில் வைரஸ் இருக்கிறது என்ற கேள்வியைத் தாண்டி, அதனால் ஒரு போகத்தில் வயல் இழக்கும் நைட்ரஜன் எவ்வளவு என்ற கேள்விக்கு ஆய்வு நகரவில்லை. உரத் திட்டத்துக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாவது விடைதான்.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1970 சனவரியில் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கை நடத்தியது. டி.வி. தேசிகாச்சாரி பதிப்பித்த அதன் தொகுப்பு 1972இல் வந்தது. வைரஸ் பாசிக்குள் கொல்லாமல் தங்குவது பற்றியும், ஒரு பாசியின் மரபணுவை மற்றொன்றுக்குக் கடத்துவது பற்றியும் சிங் இருவரும் எழுதிய கட்டுரை அதில் இடம்பெற்றது. பாசிக்குள் தங்கும் வைரஸ் பற்றி உலகில் அப்போதுதான் பேச்சுத் தொடங்கியிருந்தது. கேள்வியின் கூர்மை முதல்தரம். மரபணுக் கடத்தல் என்ற பெரிய கூற்றுக்கு வேண்டிய சான்றுச் சுமையைப் பின்வந்த எவரும் முழுமையாகச் சுமக்கவில்லை. எம்.ஓ.பி. அய்யங்கார் நிறுவி, தேசிகாச்சாரி தம் 1959ஆம் ஆண்டு நூலால் உலகறியச் செய்த சென்னைப் பாசியியல் மரபு, உருவத்தைக் கண்டு வகைபிரிப்பதில் ஈடிணையற்றது. உருவத்தையே நம்பிய கண்ணுக்கு வைரஸ் அகப்படவில்லை. தன் அரங்கில், தன் தொகுப்பில் வந்த கேள்வியை அந்த மரபு எடுத்து வளர்க்காமல் விட்டது பெரிய இழப்பு என்றே சொல்வேன்.

உலக அளவில் துறையின் திசை 1989இல் மாறியது. நார்வேயின் பெர்கன் நகரத்து ஆய்வாளர்கள் இயற்கை நீரில் உள்ளவற்றை மின்னணு நுண்ணோக்கித் தகட்டில் படியவைத்து எண்ணி, ஒரு மில்லிலிட்டரில் 25 கோடி வைரஸ் வரை இருப்பதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே ப்ரோக்டரும் ஃபர்மனும் ஒருபுறம், சட்டிலும் சகாக்களும் மறுபுறம், அந்த வைரஸ்கள் பாக்டீரியாவையும் பாசியையும் கொல்வதற்கும் ஒளிச்சேர்க்கையைக் குறைப்பதற்கும் சான்று தந்தார்கள். அதுமுதல் ‘இருக்கிறது’ என்பது செய்தி ஆகாது. ‘எவ்வளவு கொல்கிறது’ என்பதே ஆய்வு.

இந்த அளவுகோலுக்கு முன் நிற்கத் தகுதியுள்ள இந்தியப் பணி கொச்சிக் கழிமுகத்தில் நடந்தது. தேசியக் கடலியல் நிறுவனத்தின் கொச்சி மையத்தில் வி. ஜஸ்னாவும் ஏ. பார்வதியும், பிரான்ஸின் கிளெர்மோன் நகரிலிருந்து ஏ.எஸ். பிரதீப் ராமும் சிம்-இங்காண்டோவும் சேர்ந்து, பருவமழை ஆளும் ஒரு கழிமுகத்தில் வைரஸால் மடியும் பாக்டீரியாவின் பங்கை அளந்து 2017இல் வெளியிட்டார்கள். மழையில் ஆற்றுநீர் கடலைத் தள்ளிவிடும், கோடையில் கடல் உள்ளே ஏறிவரும் இடம் அது. உப்பு மாறுகிறது, உயிர்கள் மாறுகின்றன. அந்த மாற்றத்தோடு சாவின் கணக்கும் எப்படி மாறுகிறது என்று கேட்டதே இந்தப் பணியின் தலையாய சிறப்பு. மிதவெப்ப ஏரிகளுக்கும் பெருங்கடல்களுக்கும் எழுதப்பட்ட விதிகளைப் பருவமழை நீரில் நிறுத்திச் சோதித்தார்கள். 2018இல் வந்த தொடர்கட்டுரை இன்னும் ஒரு படி போய், பாக்டீரியாவை உருவ வகைகளாகப் பிரித்து எந்த வகை அதிகம் தாக்கப்படுகிறது என்று பார்த்தது. ஒரு கேள்வியிலிருந்து அடுத்த கேள்வி பிறந்து, அதே இடத்தில் தொடர்ந்தது. இந்தியப் பணிகளில் நான் ஏங்குவது இந்தத் தொடர்ச்சிக்குத்தான்.

ஆனால் முறையின் அடித்தளத்தில் ஒரு மெல்லிய இடம் உண்டு. மின்னணு நுண்ணோக்கியில் பாக்டீரியாவின் உள்ளே வைரஸ் தெரிவது தொற்றின் கடைசிக் கட்டத்தில் மட்டுமே. ஆகவே கண்ணுக்குத் தெரிந்த தொற்றிலிருந்து மொத்தத் தொற்றை ஒரு சமன்பாட்டால் கணிக்கிறார்கள். இத்துறையில் பரவலாக ஆளப்படும் 2002ஆம் ஆண்டுச் சமன்பாடு, தெரிந்த விழுக்காட்டை 9.524ஆல் பெருக்கி 3.256ஐக் கழிக்கிறது. நூறு பாக்டீரியாவில் இரண்டில் வைரஸ் தெரிந்தால் மொத்தத் தொற்று ஏறக்குறைய 16 விழுக்காடு. மூன்றில் தெரிந்தால் 25. நுண்ணோக்கிமுன் அமர்ந்தவர் ஒரு செல்லைக் கூடுதலாக எண்ணினால் கணக்கு ஒன்பது விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் கூடிவிடுகிறது. அதனால்தான் நூறு செல்களோடு நிறுத்தாமல் பல நூறு செல்களை எண்ண வேண்டியிருக்கிறது. இந்தப் பெருக்கெண் வெப்பமண்டல நீருக்கும் அப்படியே பொருந்துமா என்பது தனிச் சோதனைக்குரியது. முப்பது டிகிரி நீரில் வைரஸ் தன் சுற்றை முடிக்கும் வேகம் வேறாகலாம், கண்ணுக்குத் தெரியும் கட்டத்தின் நீளமும் வேறாகலாம். ஆகவே கொச்சிக் கணக்கில் பருவங்களுக்கு இடையிலான ஒப்பீட்டை நம்பலாம். தனி எண்களைக் கொஞ்சம் தள்ளி நின்றே ஏற்க வேண்டும். இந்தக் குறை துறை முழுதுக்கும் பொது, இவர்களுக்கு மட்டும் உரியதன்று.

இதே ஆண்டுகளில் செய்தித்தாள்களை எட்டியது மும்பைப் பணி. மும்பை ஐஐடியில் கிரண் கொண்டபாகில் குழு, அமீபாவைத் தாக்கும் ராட்சத வைரஸ்களை நகரத்துச் சாக்கடையிலும் ஏரியிலும் கண்டு, பவாய், பாந்த்ரா, குர்லா என்று ஊர்ப்பெயர்களைச் சூட்டியது. கழிவுநீர், உள்நாட்டு ஏரி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், மாநகராட்சிக் குடிநீர் எல்லாவற்றிலும் இவற்றின் மரபணுத் தடயம் இருப்பதாக 2019இல் எழுதினார்கள். வைரஸை வளர்த்தார்கள், மரபணுத் தொடரை முழுதாக வாசித்தார்கள். இந்த இரண்டும் பிறர் சரிபார்க்கத் தக்க அரிய பணி. ஆனால் ஆய்வகத்தின் ஓரிரு அமீபா வகைகளில் வளர்வதை மட்டுமே அந்த வலை பிடிக்கும். குழாய்நீரில் மரபணுத் தடயம் கிடைத்தால் வைரஸ் அங்கே இருந்தது என்பது உறுதி. உயிரோடு இருந்ததா, யாரைத் தாக்கியது என்ற கேள்விகளுக்கு அத்தடயம் பதில் சொல்லாது. தலைப்பில் ‘எங்கும் இருக்கின்றன’ என்ற தொனி ஓங்கி ஒலிக்கும் அளவுக்கு அளவீடு அதற்குக் கீழே இல்லை. முதற்படியில் சிறந்த பணி என்பதே என் மதிப்பீடு.

இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் ஒளிரும் விப்ரியோ பாக்டீரியாவை ஃபேஜ் கொண்டு அடக்கிய பணிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மங்களூரில் இந்திராணி கருணாசாகர் குழு 2006, 2007இல் வெளியிட்டவை இவற்றில் முன்னோடி. ஆண்டிபயாடிக் இட்ட தொட்டிகளைவிட ஃபேஜ் இட்ட தொட்டிகளில் குஞ்சுகள் கூடுதலாகப் பிழைத்தன என்று பொரிப்பகத்திலேயே காட்டினார்கள். பயன் தெளிவு. பாக்டீரியா ஃபேஜுக்குத் தப்பும் வகையாக எத்தனை சுழற்சியில் மாறுகிறது என்ற நீண்டகாலக் கணக்குத்தான் இவ்வரிசையில் இன்னும் நிறைவடைய வேண்டும்.

கடைசிப்படி, அதாவது சாவினால் நீர் என்ன ஆகிறது என்பது, ஏன் குடிநீர் ஏரிக்கு இன்றியமையாதது என்பதை 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டோலிடோ நகரம் காட்டியது. ஈரி ஏரியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகி, அதன் நச்சு சுத்திகரித்த நீர்வரை வந்து, சில நாட்கள் குழாய்நீரைக் குடிக்கவேண்டாம் என்று நகரமே அறிவிக்கவேண்டி வந்தது. 2017இல் ஸ்டெஃபென் குழு, அந்தப் பாசியை வைரஸ் தாக்கியதற்கான மரபணுச் சுவடுகளைக் காட்டி, பாசி உடைந்து நச்சு நீரில் கரைந்ததற்கு அது காரணமாகியிருக்கலாம் என்றது. செல்லுக்குள் இருக்கும் நச்சைப் படிகாரமும் மணல் வடிகட்டியும் பாசியோடு சேர்த்துப் பிடித்துவிடும். நீரில் கரைந்த நச்சை அவை பிடிப்பதில்லை. பாசியைக் கொல்லும் வைரஸ் நமக்கு நண்பன் என்ற எளிய நம்பிக்கைக்கு இது சரியான மறுப்பு. ஸ்டெஃபென் குழுவின் சான்று சூழ்நிலைச் சான்றே. அவர்களும் அதற்குமேல் உரிமை கோரவில்லை. அந்த அடக்கமே அந்தக் கட்டுரையின் தகுதி.

இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐஎஸ் 10500, 2012 பதிப்பில், ஒரு லிட்டர் நீரில் எம்எஸ்2 என்ற ஃபேஜ் இருக்கக்கூடாது என்கிறது. மலக்கலப்பை உணர்த்தும் ஈ.கோலியின் வைரஸ் அது. மனிதக் கழிவு கலந்ததா என்று கேட்பதற்கு அது நல்ல சாட்சி. ஏரியின் சொந்தப் பாசி எப்போது உடைகிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. காசிப் பணி சான்றில் தூய்மையானது, ஆனால் பாதியில் நின்றது. மும்பைப் பணி கண்டதில் பெரியது, அளந்ததில் சிறியது. மங்களூர்ப் பணி பயனால் நிற்கிறது. கொச்சிப் பணி பெருக்கெண்ணின் பலவீனத்தோடும் இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது, ஏனென்றால் அது மட்டுமே நம் மழையை அளவீட்டுக்குள் கொண்டுவந்தது. தென்மேற்குப் பருவமழைக்குக் கொச்சியில் செய்ததை வடகிழக்குப் பருவமழைக்குச் செம்பரம்பாக்கத்தில் செய்யலாம். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, கிருஷ்ணா நீர் வந்து சேரும் கால்வாய் வாயிலும், மதகடியிலும், சுத்திகரிப்பு நிலையம் நீரெடுக்கும் இடத்திலும் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, ஒவ்வொன்றிலும் பாசி, வைரஸ், தொற்றுண்ட செல், கரைந்த நச்சு நான்கையும் சேர்த்தே அளக்க வேண்டும்.