மூன்று நிமிடம் ஏன்?

அமெரிக்க வேளாண்மைத் துறை ‘வீடும் தோட்டமும்’ என்ற வரிசையில் வெளியிட்ட பிரசுரங்களுள் 10-ஆம் எண்ணைக் கொண்டது ‘ஹோம் ஃப்ரீசிங் ஆஃப் ஃப்ரூட்ஸ் அண்ட் வெஜிடபிள்ஸ்’. பழங்களையும் காய்கறிகளையும் வீட்டிலேயே உறையவைத்துச் சேமிப்பது எப்படி என்று சொல்லும் சிறு நூல் இது. பல பதிப்புகள் கண்டது. அந்நாட்டு அரசுப் பிரசுரங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம். இதனால் இதன் நிமிடக் கணக்குகள் பெயர் சொல்லாமலே எத்தனையோ சமையல் நூல்களிலும், குளிர்பதனப் பெட்டியோடு வரும் கையேடுகளிலும், பத்திரிகைகளின் ‘வீட்டுக் குறிப்பு’களிலும் புகுந்துவிட்டன. பீன்ஸை மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்துக் குளிரவைத்து உறைபெட்டியில் வையுங்கள் என்று தமிழில் படிக்கிறோமே, அந்த மூன்று நிமிடம் இந்தப் பிரசுரத்திலும் உள்ள மூன்று நிமிடம்தான். ஆகவே இதை ஒரு முறை கூர்ந்து படிப்பது வீண் வேலை அல்ல.

முதலில் இதன் சிறப்பு. கொதிநீரில் முக்கி எடுக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘பிளாஞ்சிங்’ என்று பெயர். கிருமிகளைக் கொல்லத்தான் இது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பிரசுரம் அப்படிச் சொல்லவில்லை. செடியில் இருக்கும்போது காயை வளர்த்து முற்றச் செய்த நொதிகளே, பறித்த பிறகு அதன் நிறத்தையும் சுவையையும் கெடுக்கின்றன; அவற்றை அடக்கவே சூடாக்குகிறோம் என்று நாலைந்து வாக்கியங்களில் விளக்கிவிடுகிறது. எளிமையான, சரியான விளக்கம். குளிர் நொதிகளின் வேகத்தைக் குறைக்குமே தவிர அவற்றை அழிக்காது. பச்சையாகவே உறையவைத்த பட்டாணி சில வாரங்களில் வைக்கோல் நெடி வீசுவது இதனால்தான். 1920-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் ஜாஸ்லின், குரூஸ் போன்றோர் செய்த ஆராய்ச்சிகள் இந்தச் சிக்கலைத் தெளிவாக்கின. அதற்கு முன் உறைந்த பழங்கள் சந்தையில் இருந்தன. உறைந்த காய்கறிகள் தலையெடுக்க முடியாமல் திணறின.

பிரசுரத்திலிருந்து எடுத்தவர்களோ இந்த நாலைந்து வாக்கியங்களைத்தான் முதலில் வெட்டினார்கள். நிமிடங்கள் மிஞ்சின, காரணம் போயிற்று. காரணம் தெரியாதவர் என்ன செய்வார்? “மூன்று நிமிடம் எதற்கு, ஒரு நிமிடம் போதும், சத்து வீணாகாது” என்பார். இது எதுவும் செய்யாமல் இருப்பதைவிடக் கெடுதல். அரைகுறைச் சூட்டில் செல்கள் உடைந்து உள்ளிருப்பவை கலக்கின்றன, நொதியோ சாகவில்லை. தனித்தனி அறைகளில் இருந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வேலையைத் துரிதமாக்குகின்றன. பின்னாளில் ஜார்ஜியாப் பல்கலைக் கழகத்தில் அமைந்த வீட்டு உணவுப் பாதுகாப்புத் தேசிய மையம் இதை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. பழைய பிரசுரத்தில் சூடு போதாவிட்டால் நொதிகள் தொடர்ந்து இயங்கும் என்ற அளவில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு வரி அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

நிமிட அட்டவணை நல்ல உழைப்பின் பலன். பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், பசலைபோன்ற கீரைக்கு இரண்டு, பீன்ஸுக்கு மூன்று, வெண்டைக்குப் பருமனைப் பொறுத்து மூன்று அல்லது நான்கு, முழுச் சோளக்கதிருக்கு ஏழு முதல் பதினொன்று வரை. நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரும் நேரமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஒரு பவுண்டு காய்க்கு ஒரு காலன் தண்ணீர், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான காய்க்கு ஏறத்தாழ நாலு லிட்டர் தண்ணீர் என்ற விதியும் உண்டு. நம் வீட்டில் ஒரு சிறு குண்டானில் இரண்டு கிலோ பட்டாணியைக் கொட்டினால் தண்ணீரின் கொதி அடங்கிப்போகும். மறுபடி கொதிப்பதற்குள் மூன்று நிமிடமும் முடிந்துவிடும். எண் ஒன்றுதான், சூடு வேறு. கடல் மட்டத்துக்கு மேல் 5,000 அடிக்கும் உயரமான ஊர்களில் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளவும் பிரசுரம் சொல்கிறது. உதகமண்டலத்தில் இருப்பவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடுகிறது. தமிழ்க் குறிப்பு எதிலும் இந்த வரியை நான் கண்டதில்லை.

ஆனால் நொதிகளைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டிய பிரசுரம், பனிக்கட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டுகிறது. இதுவே இதன் பெரிய குறை என்பது என் கருத்து. உறைபெட்டியின் கொள்ளளவில் ஒரு கன அடிக்கு நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று பவுண்டுக்கு மேல் புதுச் சரக்கு வைக்காதீர்கள் என்பது அதிலுள்ள விதி. இது வெறும் நிர்வாகக் கட்டளைபோல் தோன்றும். உண்மையில் முழு விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ பட்டாணியில் சுமார் முக்கால் கிலோ தண்ணீர். 30 டிகிரியிலிருந்து அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 25 கிலோ கலோரி வெப்பத்தை நீக்கினால் போதும். ஆனால் பூஜ்யத்துக்கு அருகிலேயே நின்றுகொண்டு அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாக மாற, கிராமுக்கு 80 கலோரி வீதம், 60 கிலோ கலோரி நீங்க வேண்டும். குளிர்வதைவிட உறைவதற்கு இரண்டு மடங்குக்கு மேல் வேலை. இந்தக் கட்டம், குறிப்பாக 0-க்குக் கீழே ஒன்றிலிருந்து ஐந்து டிகிரிக்குள், மெல்ல நடந்தால் பனிப் படிகங்கள் குறைந்த எண்ணிக்கையில் பெரிதாக வளர்கின்றன. செல் சுவர்களைக் கிழிக்கின்றன. விரைவாக நடந்தால் பொடிப்பொடியாக எண்ணற்றவை தோன்றும், சேதம் குறையும். 1910-களில் கனடாவின் லாப்ரடாரில் கடுங்குளிர்க் காற்றில் நொடியில் விறைத்த மீன் பின்னர் சமைத்தபோது புது மீன்போல் இருந்ததைப் பார்த்துக் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ கற்றதும் இதையே. விரைவு உறைபதனத் தொழில் அங்கிருந்து பிறந்தது. 1930-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் பெயர் தாங்கிய உறைந்த உணவுகள் கடைகளில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன.

இப்போது விதியை நம் வீட்டுக்குப் பொருத்துவோம். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். ஒற்றைக் கதவுப் பெட்டியின் உறைபகுதி 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் அதில் வைக்கத்தக்கது அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரைதான். விலை மலிந்த வேளையில் ஐந்து கிலோ பட்டாணி வாங்கி ஒரே மூச்சில் அடைப்பவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. பட்டாணி பிழைத்துக்கொள்ளும், தக்காளியும் மாம்பழத் துண்டும் உருகும்போது நீராய் ஒழுகும். குற்றம் பழத்தின் மேல் விழும்.

இங்கே பிரசுரத்தின் எழுதப்படாத அனுமானம் தெரிகிறது. அது எழுந்த சமூகத்தில் 1930, 40-களிலேயே கிராமப்புறக் குடும்பங்கள் பொதுக் குளிர்நிலையங்களில் ‘லாக்கர்’ அறை வாடகைக்கு எடுத்துத் தம் இறைச்சியையும் பழங்களையும் வைத்தன. போருக்குப் பின் தனி உறைபெட்டிகள் வீட்டுக்கே வந்தன. பூஜ்யம் பாரன்ஹீட், அதாவது –18 டிகிரி சென்டிகிரேடு, அவர்களுக்கு எளிது. இந்த எண் மந்திரமுமல்ல. கலிபோர்னியாவின் ஆல்பனியிலுள்ள அரசு ஆய்வுக்கூடத்தில் 1948-இல் தொடங்கிப் பல்லாண்டு நடந்த சோதனைகள், வெப்பநிலை சற்று ஏறினாலும் உறைந்த உணவின் தரம் நிலைக்கும் காலம் கடுமையாகச் சுருங்குவதைக் காட்டின. பிரசுரம் சொல்லும் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் –18-க்கு உரியது. பெட்டிகளில் நட்சத்திரக் குறி உண்டல்லவா? ஒரு நட்சத்திரம் –6, இரண்டு –12, மூன்று –18. ஒரு நட்சத்திரப் பகுதியில் ஓராண்டு என்பது வெறும் ஆசை. மின்சாரம் போனாலும் நிறைந்த பெட்டி இரண்டு நாள் தாங்கும் என்று அவர்கள் சொல்வதும், எப்போதோ ஒரு முறை புயலில் கம்பி அறுவதை எண்ணித்தான். 2012-இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இருந்த நிலைபோல் தினமும் பல மணி நேரம் மின்சாரம் நின்று நின்று வந்தால், சிறு படிகங்கள் உருகிப் பெரியவற்றோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போகும்.

சத்து பற்றிய பயத்தைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். கொதிநீரில் வைட்டமின் சி ஓரளவு கரைந்து போவது உண்மை. ஆனால் ‘புதுசு’ என்று நாம் சொல்லும் காயும் கூடையிலும் பெட்டியிலும் கிடந்து அதை இழக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் டேவிஸ் ஆய்வாளர்கள் எட்டுக் காய்கனிகளை ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்ட முடிவில், வைட்டமின் சி ஐந்தில் வேறுபடவில்லை. மூன்றில் உறைந்ததிலேயே அதிகம் இருந்தது. பீட்டா கரோட்டின் மட்டும் காரட், பட்டாணி, பசலை போன்றவற்றில் நன்றாகக் குறைந்திருந்தது.

கிருமிகள் விஷயத்தில்தான் கவனம் தேவை. உறைதல் அவற்றை உறங்கவைக்கும், கொன்றுவிடாது. 2018 ஜூலையில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தபடி, உறைந்த சோளத்தோடும் பிற காய்கறிகளோடும் தொடர்புள்ள லிஸ்டீரியா நோயால் ஐந்து நாடுகளில் 47 பேர் பாதிக்கப்பட்டு 9 பேர் இறந்திருந்தனர். அவை பெரிய தொழிற்சாலையில் முறைப்படி உறையவைத்த பண்டங்கள்! முக்கி எடுத்த காயை வெந்த காயாக எண்ணி அப்படியே உண்ணக் கூடாது. அதைச் சமைத்தாக வேண்டும்.

இறுதியாக, அட்டவணையில் இல்லாதவை. வெண்டை இருக்கிறது, முருங்கைக்காய் இல்லை, கொத்தவரை இல்லை, புடலை இல்லை. குடமிளகாய்க்கு மட்டும் சூடு தேவையில்லை என்று விலக்குக் கொடுக்கும் பிரசுரம் அதற்குக் காரணம் கூறாததால், நம் காய்களில் எதற்கு அந்த விலக்குப் பொருந்தும் என்று ஊகிக்கவும் வழியில்லை. சோதித்தே அறிய வேண்டும். அதற்கான முறை கடினமானதன்று. நொதிகளுள் சூட்டுக்கு எளிதில் மசியாதது பெராக்சிடேஸ். முக்கி எடுத்த காயை நறுக்கிக் குவாயகால் கரைசலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டால், நொதி உயிரோடிருக்கும் இடம் செம்பழுப்பாக மாறும். நிறம் தோன்றாத நேரமே அந்தக் காய்க்குரிய நிமிடம். வெறும் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு நுரை வருகிறதா என்று பார்ப்பது இன்னும் எளிது. ஆனால் நுரை எழுப்புவது கேட்டலேஸ் என்ற வேறு நொதி. அது பெராக்சிடேஸுக்கு முன்பே அடங்கிவிடும் என்பதால், நுரை நின்ற பிறகும் வேலை பாக்கி இருக்கலாம். ஒரே செடியின் பிஞ்சு முருங்கையையும் முற்றலையும் தனித்தனியே சோதித்தால் இரண்டு வேறு எண்கள் கிடைக்கக்கூடும்.