அலையாத்தி அலையை ஆற்றியதா?

"சுனாமியில அலையாத்திக் காடு இருந்த ஊரெல்லாம் தப்பிச்சுது." காரைக்கால் பக்கம் டீக்கடையிலும் கேட்கலாம், பள்ளிக்கூட மேடையிலும் கேட்கலாம். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயரிலேயே விடையை வைத்திருக்கிறோம். ஆனா பெயர் ஆதாரம் ஆகாதே! இந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வைக் கொஞ்சம் பார்ப்போம்.

கதிரேசன், ராஜேந்திரன் இருவரும் பரங்கிப்பேட்டை கடற்கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்து 2005-ல் கட்டுரை வெளியிட்டார்கள். கடலிலிருந்து தூரம், தரையின் உயரம், மரங்களின் பரப்பு மூன்றுமே உயிரிழப்பைக் குறைத்தன என்பது அவர்கள் முடிவு. ஊர் ஊராக எண்களைக் கொடுத்ததுதான் இதன் பெரிய பலம். யார் வேண்டுமானாலும் திரும்பக் கணக்குப் போடலாம்.

போட்டார்கள். 2006-ல் கெர், பேர்ட், கேம்பல் மூவரும் அதே எண்களை எடுத்தார்கள். உயிரிழப்பு வித்தியாசத்தில் 87 சதவீதத்தைத் தூரமும் உயரமுமே விளக்கிவிட்டன. மரம் கூடுதலாக விளக்கியது 1 சதவீதத்துக்கும் குறைவு. காரணம் புரியக்கூடியதுதான். அலையாத்தி திறந்த மணற்கரையில் வளராது, உப்பங்கழியில்தான் வளரும். அதுக்குப் பின்னால இருக்கிற ஊர் ஏற்கெனவே கடலை விட்டுத் தள்ளித்தானே இருக்கும்? காப்பாற்றியது மரமா, தூரமா?

அதுக்காக 'மரத்தால் பயனில்லை' என்று தாவுவதும் தப்பு. பின்னிக் கிடக்கும் மூன்று காரணங்களைப் பிரித்தெடுக்க 18 ஊர் போதாது. அதே வருடம் வெர்மாட், தம்பன்யா இருவரும் இதே எண்களை வேறு விதமாகப் பிரித்து, அலையாத்தி உதவியது என்றார்கள். ஒரே தரவில் எதிரெதிர் விடை வந்தால், தரவு பத்தலை என்று அர்த்தம்.

ஒடிசாவின் 1999 புயலைப் பற்றி தாஸ், வின்சென்ட் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 409 கிராமங்கள். மற்ற காரணங்களைக் கழித்த பிறகும், அகலமான அலையாத்திக் காடு இருந்த இடத்தில் சாவு குறைவு. இது வலுவான ஆதாரம். ஆனால் புயல் அலைக்கு. சுனாமி வேறு ஜாதி.

பட்டினச்சேரிக்கும் கிளிஞ்சல்மேட்டுக்கும் இது வெறும் புள்ளியியல் சண்டை இல்லை. அலையாத்தியைப் பற்றிய சொல்லைச் சவுக்குத் தோப்பு மேல் ஏற்றி, 'இனி பயமில்லை' என்கிறோம். மரம் நடுவோம், தாராளமா. வீடு எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கு, ஓட வழி இருக்கா என்பதை முதலில் கேட்போம்.