உழைக்கும் நொதியில் ஒட்டும் ஒளி

சாரின் ஒரு கொலைகார நஞ்சு. நரம்புச் சைகைகளைக் கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியின் செயல்மையத்தில் சீரின் என்ற அமினோ அமிலம் உண்டு. சாரினின் பாஸ்பரஸ் அதைப் பற்றினால் லேசில் விடாது. இந்தப் பிடிவாதத்தையே ஆய்வுக்கருவியாக மாற்றினார் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்து வேதியியலாளர் பெஞ்சமின் கிரவாட். 1999இல் அவருடைய குழு செய்த மூலக்கூற்றின் ஒரு முனையில் ஃப்ளுரோபாஸ்போனேட், நடுவே நீண்ட கார்பன் தொடர், மறுமுனையில் அடையாளச் சீட்டாகப் பயோட்டின். நஞ்சிலிருந்து இப்படியொரு தூண்டில்!

திசுச் சாற்றில் அதைக் கலந்தால் சீரின் ஹைட்ரோலேஸ் குடும்பத்து நொதிகள் கொத்தாகச் சிக்கும்; ஜெல்லில் பிரித்துப் பார்த்தால் அவை பட்டைகளாகத் தெரியும். மனிதர்களிடம் இவை இருநூற்றுக்கும் மேல். ரசிக்க வேண்டியது தூண்டில் எவற்றை விட்டுவிடுகிறது என்பதைத்தான். கணையம் டிரிப்சினைச் செயலற்ற டிரிப்சினோஜனாகவே சுரக்கிறது. குடலுக்குப் போன பிறகுதான் அது வேலைக்கு வருகிறது. புரதத்தின் அளவை மட்டும் பார்ப்பவர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவார். தூண்டிலோ தூங்கும் வடிவத்தைத் தொடுவதில்லை. சாற்றைக் கொதிக்கவைத்து நொதிகளின் வடிவத்தைக் குலைத்துவிட்டால், முன்பு தெரிந்த பட்டைகள் ஜெல்லில் காணாமல் போகும்.

உயிருள்ள செல்லுக்குள் நுழையப் பயோட்டின் என்ற இந்தப் பருத்த வால் இடைஞ்சல். 2003இல் அதே ஆய்வுக்கூடம் இரு மூலக்கூறுகளை எளிதில் கோத்துவிடும் கிளிக் வேதியியலின் துணையோடு அதைக் கழற்றிவைத்தது: துக்கடா வாலோடு மூலக்கூறு உள்ளே போய் நொதியைப் பிடிக்கும், செல்லை உடைத்த பிறகு சாயத்தைக் கோத்துக்கொள்ளலாம்.

மருந்தைச் சோதிக்கும்போது ஆட்டம் தலைகீழாகிறது. முதலில் மருந்து, பிறகு தூண்டில். மருந்து ஒரு நொதியை ஏற்கனவே அடைத்திருந்தால் அதன் பட்டை மங்கிவிடும். அந்த வெற்றிடம்தான் பதில். இதன் அருமை பிரான்ஸின் ரென் நகரில் நடந்த கொடுமைக்குப் பின் தெரிந்தது. 2016 ஜனவரியில் பிஐஏ 10-2474 என்ற மருந்தைச் சோதனைக்காக உட்கொண்டவர்களில் ஒருவர் இறந்தார். வேறு சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கொழுப்பு மூலக்கூறான ஆனந்தமைடைச் சிதைக்கும் ஃபா என்ற சீரின் ஹைட்ரோலேஸை மட்டும் அடக்குவதுதான் அந்த மருந்தின் வேலையாக இருந்தது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்து மரியோ வான் டெர் ஸ்டெல்ட்டின் குழு இந்த முறையில் பார்த்தபோது, கொழுப்புகளைக் கையாளும் வேறு பல நொதிகளின் பட்டைகளும் மங்கின. அதே ஃபாவைக் குறிவைத்த ஃபைசரின் பிஎஃப்-04457845 அவற்றைத் தொடவில்லை.

2017இல் இந்த முடிவுகள் வெளியாயின. இறப்புக்கு அந்த நொதிகளே காரணம் என்று குழு அடித்துச் சொல்லவில்லை. மனித நரம்புச் செல்களில் கொழுப்புகளின் சமநிலை குலைந்ததைக் காட்டி, அந்த அளவில் நிறுத்திக்கொண்டது.