ஒரு முழ தூரத்து வெளிச்சம்

பட்டி பார்த்து முடித்த சுவர் பகலில் வழவழவென்று இருக்கும். பெயின்டர் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சுத்தமா வந்திருக்கு சார்" என்பார். பொய்யில்லை, பகல் வெளிச்சத்துக்கு அது சுத்தமான சுவர்தான். சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஜன்னல் வெளிச்சம் போன பிறகு, சட்டைப்பை டார்ச்சை எடுத்துச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து எரியவிட்டால் வேறொரு சுவர் தெரியும். பட்டித் தகடு இழுத்து நின்ற இடமெல்லாம் மெல்லிய வரி. உப்புத்தாள் சரியாகப் படாத மூலையில் பொரிப்பொரியாக மணல். ஸ்விட்ச் பாக்ஸ் வைத்து அடைத்த இடம் தோசையைக் கவிழ்த்ததுபோல் லேசாகப் புடைத்திருக்கும். அரை மில்லிமீட்டர் மேடுகூட அந்தப் படுத்த வெளிச்சத்தில் ஓர் அங்குலத்துக்கு நிழல் விடும்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு வயதான பெயின்டர். என் வேலை மின்சாரப் பக்கம், கட்டடங்களில் ஒயரிங் மேற்பார்வை. அந்த மாலையிலிருந்து டார்ச்சைப் பார்க்கும் என் கண்ணே மாறிப்போனது. அதுவரை, எவ்வளவு தூரம் அடிக்கிறது என்பதுதான் எனக்கும் கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஊரில் மூணு கட்டை பேட்டரி லைட் வாங்கினால் முதல் சோதனை எதிர்த் தோப்புத் தென்னையின் உச்சி தெரிகிறதா என்பதுதான். ராத்திரி மோட்டார் போடப் போகிறவருக்கு வரப்பில் கிடக்கும் பாம்பும், வாய்க்கால் மடையும், தூரத்தில் வருகிற ஆளும் தெரிய வேண்டும். அந்த வேலைக்கு அந்த லைட் சரியாகத்தான் இருந்தது. தகரக் குழாயின் கனமும், முன்னால் திருகித் திருகிக் குவிக்கும் வட்டமும் இன்றைக்கும் என் கைக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் கட்டட வேலையில் தென்னை உச்சி கிடையாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, டிபி என்கிற மின்பகிர்வுப் பெட்டிக்குள்ளே, லிஃப்ட் பிட்டில், படிக்கட்டுக்கு அடியில் என்று, பார்க்க வேண்டியதெல்லாம் அநேகமாக ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. ஒரு முழ தூரத்தை உள்ளபடி காட்டுகிற லைட்டைத்தான் நான் நல்ல லைட் என்பேன்.

டப்பாமேல் 200 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். 2009 முதல் உள்ள எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர முறைப்படி, அந்த எண்ணுக்கு அர்த்தம் அவ்வளவு தூரத்தில் கால் லக்ஸ் வெளிச்சம் மிஞ்சும் என்பது. கால் லக்ஸ் என்றால் கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா. அந்த வெளிச்சத்தில் ஓர் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. இதே லைட்டை அரை மீட்டரில் வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்தால், தூரத்தின் வர்க்கக் கணக்குப்படி, நடுப்புள்ளியில் சுமார் 40,000 லக்ஸ் விழும். அலுவலக மேசைக்கு 500 லக்ஸ் போதும் என்பார்கள். 40,000 லக்ஸில் சுவரும் தெரியாது, சுவரில் உள்ள விரிசலும் தெரியாது. கண் சுருங்கிக்கொள்ளும், அப்புறம் பக்கத்து இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் ஆகும்.

அதனால் ஒரு டார்ச்சைக் கையில் எடுத்தால் அதன் உச்ச வெளிச்சத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது அடிமட்டத்தை. ஐந்து லூமனில் அடங்கி எரியுமா? அங்கிருந்து முப்பது, நூறு, முந்நூறு என்று படி ஏறுமா? கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்கு ஏற வேண்டும். 800 லூமனுக்கும் 1000 லூமனுக்கும் உள்ள வித்தியாசத்தை, பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல், கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். படிகள் நெருக்கமாக இருப்பதில் ஒரு லாபமும் இல்லை, தள்ளித் தள்ளி இருக்க வேண்டும்.

உச்ச வெளிச்சம் பற்றி ஒரு கசப்பு எனக்கு உண்டு. லிஃப்ட் ஷாஃப்டில் மேலே போகும் கேபிளின் கிளாம்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். விரல் தடிமன் லைட், டப்பாவில் ஆயிரத்துச் சொச்சம் லூமன், மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்தது. பதினோராவது கிளாம்பில் வெளிச்சம் சரிந்து பாதிக்கும் கீழே போய்விட்டது. போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அது பழுதே இல்லை. அவ்வளவு சின்ன அலுமினிய உடம்பு அந்தச் சூட்டைத் தாங்காது, தானாகக் குறைத்துக்கொள்ளும். எஃப்எல்1 கணக்கில், ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஓடும் நேரம் முழுவதும் ஓட்ட நேரம்தான். ஆகவே முதல் நிமிடத்து எண்ணையும் மூன்று மணி நேரத்தையும் ஒரே வரியில் எழுத அவர்களுக்கு வழி இருக்கிறது. அன்று முதல் நான் தேடுவது முந்நூறு லூமனில் அசையாமல் எத்தனை நேரம் நிற்கும் என்பதை.

இனி நிறம். இதில்தான் எனக்கு ஆசை அதிகம், கொஞ்சம் நீட்டிச் சொல்வேன்.

நம் நாட்டு மூன்று ஃபேஸ் ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ். கருப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. ஒயர்மேன் கண் நாள் முழுக்கப் படிக்கும் எழுத்து இந்த ஐந்து நிறம்தான். பல வருஷம் முன்பு, கீழ்த்தளப் பார்க்கிங்கில், பேட்டரி இறங்கிப்போன பழைய பல்பு டார்ச் ஒன்றை நம்பி ஒரு கேபிள் முனையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இறங்கிய பல்பின் செம்மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் கிட்டத்தட்ட இல்லை. நீல ஒயர் கருப்பாகவே தெரிந்தது. அதை நியூட்ரல் லிங்க்கில் முறுக்கப் போன நேரம், பழக்கத்தால் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், பிழைத்தேன். நிறத்தை மட்டும் நம்பி ஒயரைத் தொடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆனாலும் கண் முதலில் படிப்பது நிறத்தைத்தான்.

பிறகு வந்த மலிவு எல்இடி டார்ச்சுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. வெள்ளை எல்இடி என்பது உள்ளே நீல எல்இடிதான். மேலே பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. கலவை மலிவாக இருந்தால் ஆழ்ந்த சிவப்பு அதில் குறைவு. 6500 கெல்வின் வெளுப்பில் சிவப்பு ஒயர் பழுப்பாகி, மனிதர் கை சாம்பல் பூசியதுபோல் ஆகும். துரு எது, காய்ந்த மண் எது என்று பிரிக்க வராது. சூட்டில் கருகிய டெர்மினலின் லேசான தவிட்டு நிறம் கண்ணிலேயே படாது. அதைப் பார்க்கத்தானே டிபியைத் திறக்கிறோம்!

நிறம் காட்டும் திறனுக்கு சிஆர்ஐ என்று ஓர் அளவு உண்டு, நூற்றுக்கு இத்தனை என்று. கடைக்காரர் 80 என்றால் நல்லது என்று நினைத்துவிடக்கூடாது. அது எட்டு மங்கல் நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்புக்கான ஆர்9 அதில் சேர்த்தியே இல்லை. 80 வாங்கிய எல்இடி ஆர்9-இல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம். 90-க்கு மேல் போனால்தான் சிவப்பு சிவப்பாகிறது. ஜப்பானின் நிச்சியா கம்பெனியில்தான் 1993-இல் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டுவந்தார். அதற்காக 2014-இல் அகாசாகி, அமானோ இருவரோடு சேர்ந்து இயற்பியல் நோபல் பெற்றார். அதே கம்பெனியின் 519ஏ என்ற எல்இடியை, 4500 அல்லது 5000 கெல்வினில், கான்வாய் எஸ்2 ப்ளஸ் போன்ற எளிய குழாய் டார்ச்சில் போட்டு விற்கிறார்கள். முதல் முறை அதை ஒரு திறந்த டிபிமேல் அடித்தபோது ஒரு கணம் வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். செம்பு பஸ்பாரில் செம்பின் நிறம் இருந்தது. மஞ்சள் ஒயர் மஞ்சள், பச்சை பச்சை. நீலமும் கருப்பும் பத்தடி தள்ளி நின்றாலும் தனித்தனி. அதே பருமன் லைட்டில் வெளுப்பு எல்இடி போட்டால் லூமன் கொஞ்சம் கூடக் கிடைக்கும். எனக்கு அந்த லூமன் வேண்டாம்.

வெளிச்சத்தின் வடிவமும் முக்கியம். கண்ணாடிபோல் வழுவழுப்பான ரிஃப்ளெக்டர் நடுவில் குத்தும் ஒரு புள்ளியையும் சுற்றி வளையங்களையும் போடும். சுவர்ப் பரிசோதனையில் அந்த வளையமே மேடுபோல ஏமாற்றும். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பான ரிஃப்ளெக்டரில் நடு வெளிச்சம் மெதுவாகக் கரைந்து ஓரத்தில் கலக்கும். கைவேலைக்கு அதுதான் இதம்.

துடிப்பையும் பார்த்துவிட வேண்டும். சில லைட்டுகள் வெளிச்சத்தைக் குறைக்க, விட்டு விட்டு எரிந்து கண்ணை ஏமாற்றும். விரல்களை விரித்து வெளிச்சத்தில் வேகமாக ஆட்டினால் ஒரு விரல் ஏழெட்டு விரலாகத் துண்டுதுண்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுற்றுகிற மோட்டார் ஃபேன் அந்தத் துடிப்பில் நின்றதுபோலத் தோன்றக்கூடும், கை அங்கே போய்விடும்.

கையில் பிடிக்கும் சங்கதிக்கு வருவோம். எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள். இரண்டு கையும் ஒயரில் இருக்கும்போது வேறு என்ன செய்வது? அதனால் அடியில் காந்தம் உள்ள லைட்டை நான் கொண்டாடுகிறேன். டிபி கதவிலோ, கேபிள் ட்ரேயிலோ, ஜன்னல் கிரில்லிலோ டக்கென்று ஒட்டிக்கொள்ளும், வாய்க்கு விடுதலை. தலை எல் வடிவில் மடங்கியிருந்தால் இன்னும் நல்லது, சட்டைப்பையில் செருகினாலே முன்னால் அடிக்கும். காந்தத்தில் கட்டுக்கம்பித் துண்டுகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், சாயங்காலம் பிடுங்கிப் போட வேண்டும். அதே துண்டு பஸ்பார்மேல் உதிர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் உள்ள போர்டு முன்னால் அலுமினிய லைட்டை நான் பையிலிருந்து எடுப்பதே இல்லை. அங்கே பிளாஸ்டிக் உடம்பு லைட்தான். கழிவுநீர்த் தொட்டி, வாயு தேங்கும் குழி ஆகியவற்றுக்கு இவை எதுவுமே ஆகாது. பொறி எழாதபடி செய்து, அதற்கென்று சான்று பெற்ற விளக்கு தனியாக உண்டு.

ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று கையுறை போட்ட கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும். ஒரு அழுத்துக்கு எரிய வேண்டும், கடைசியாக விட்ட அளவிலேயே எரிய வேண்டும். போலீஸ் வண்டி மாதிரி மினுக்குவது, எஸ்ஓஎஸ் அடிப்பது எல்லாம் இடையில் வந்து நிற்கக் கூடாது. பையில் தானாக எரிந்து வேட்டியைச் சுட்ட லைட்டையும் பார்த்திருக்கிறேன். பூட்டிவைக்க வழி இல்லாத, பக்கவாட்டில் புடைத்த ஸ்விட்ச் உள்ள லைட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பேட்டரியில் இரண்டு பாதை. 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளமுள்ள லித்தியம் செல். 3000 மில்லிஆம்பியர் மணி செல்லில் சுமார் 11 வாட்-மணி இருக்கும். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் ஏஏ அளவு ரீசார்ஜ் செல்லில் இரண்டரைதான். ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓட 18650 வேண்டும். ஆனால் ஊருக்கு வெளியே உள்ள சைட்டில் சார்ஜ் போட இடம் இல்லாதபோது, டீக்கடையில் கிடைக்கும் ஏஏ செல்லின் அருமை தெரியும். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் 18650, அதுவும் செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய லைட். சார்ஜ் வாய் யுஎஸ்பி-சி ஆக இருக்கட்டும். தனிக் கேபிள் கேட்கும் லைட்டின் கேபிள் என்றைக்கும் வீட்டில்தான் இருக்கும். அந்த வாயின் ரப்பர் மூடி தளர்ந்தால் சிமென்ட் தூள் உள்ளே போய்ப் பாறையாகிவிடும். திருகு மரையை வாரம் ஒரு முறை துணியால் துடைத்து, ஓ-ரிங்கில் ஒரு சொட்டு சிலிக்கோன் கிரீஸ் தடவினால் போதும், மழைக்கால சைட்டையும் தாண்டிவிடும்.

தூரம் அடிக்கும் லைட்டை நான் ஒதுக்கியதாக நினைக்க வேண்டாம். போன மாதம் ராத்திரி தூண் கான்கிரீட். மூன்று மீட்டர் உயரப் பலகைக் கூட்டுக்குள் கம்பிகள் நெருக்கமாக நின்றன. சைட் இன்ஜினியர் தம்பி மேலிருந்து அகல வெளிச்சம் அடித்துப் பார்த்தார், மேல் கம்பிகள் பளபளத்துக் கண்ணைப் பறித்தன, அடி தெரியவில்லை. என்னுடையதை வாங்கி, முந்நூறில் வைத்து, நடுப்புள்ளியை மட்டும் இரண்டு கம்பிக்கு நடுவே நூல் பிடித்ததுபோல் இறக்கினார். கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி காக்கும் கவர் பிளாக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வெளிச்சம் கீழே போனது. அடியில் ஒரு சிமென்ட் பைக் காகிதமும், இடம் பெயர்ந்து சாய்ந்து கிடந்த நாற்பது மில்லிமீட்டர் பிளாக் ஒன்றும். சென்ட்ரிங் ஆசாரி சுத்தியலோடு இறங்கிப்போய் அடிப்பலகையைக் கழற்றினார். ரெடிமிக்ஸ் லாரி வாசலில் சுற்றிக்கொண்டே நின்றது. தம்பி லைட்டைத் திருப்பித் தரவில்லை, அதே ஒளியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், ஆசாரியின் கை உள்ளே வந்து காகிதத்தை எடுக்கும்வரை.